கடல் கடந்த உருமால்

தலைநகரின் கோடையை அறிந்தவர்க்கு ஒரு துண்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மே, ஜூன் திங்கள்களில் மேற்கிலிருந்து ‘லூ’ என்னும் அனற்காற்று வீசத் தொடங்கியதும், வண்டி ஓட்டுவோர், செங்கல் சுமப்போர், அலுவலகத்துக்கு விரைவோர் ஆகிய அனைவரும் ஒரே காரியத்தைச் செய்கின்றனர். மெல்லிய பருத்தித் துணியொன்றை நனைத்துப் பிழிந்து, தலையிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்கின்றனர். வங்கத்திலும் பீகாரிலும் அதற்குக் ‘கம்சா’ என்று பெயர். தமிழர்க்கு அது துண்டு. காற்றுக்கு இடம்விடும் நெசவும், வியர்வையை உறிஞ்சும் பருத்தியும், சற்று நேரத்தில் உலர்ந்துவிடும் மென்மையும் கூடிய இச்சிறு துணிக்கு ஈடான கோடைத்துணை வேறில்லை.

இத்தகைய துண்டுகளைக் கட்டமும் கோடும் வண்ணமும் பார்த்து ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்போர் சிலர் நம்மிடையே உள்ளனர். பழங்காசு சேர்ப்பவரை நாம் மதிக்கிறோம். அஞ்சல்தலை சேர்ப்பவரைப் பாராட்டுகிறோம். பட்டுச்சேலை சேர்ப்பவரைக் கண்டு வியக்கிறோம். பருத்தித் துண்டு சேர்ப்பவரைக் கண்டால் மட்டும் நமக்கு நகைப்பு வருகிறது. “கிழிந்ததும் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேரும் துணியைப் பெட்டியில் வைத்துக் காப்பானேன்?” என்று கேட்கிறோம். இக்கேள்விக்குச் சோழமண்டலக் கடற்கரையில் நெய்யப்பட்டு உலகின் மறுகோடி வரை சென்ற ஒரு சதுரத் துணியின் வரலாறு விடை கூறுகிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அறுவையும் உருமாலும்

ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களில் பல, வெட்டுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. தறியில் நீளமாக நெய்து, பின்னர் வேண்டும் அளவுக்கு வெட்டிப் பயன்கொண்ட மக்களின் வழக்கு இச்சொற்களில் பதிந்து கிடக்கின்றது. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இடம்பெற்றுள்ளார் என்பதை நாம் அறிவோம். துணி விற்றவர் கவியும் பாடினார். அவர்தம் தொழில் அவர் பெயரோடு ஒன்றி நின்றது.

மெல்லிய துகிலைப் பாம்பின் சட்டைக்கு ஒப்பிடும் வழக்கைப் பொருநராற்றுப்படையில் காண்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், உறையூரோடு இயைத்துக் கூறப்படும் ‘அர்காரு’ என்னும் ஊரின் மெல்லாடைகளைக் குறிப்பிடுகின்றது. ஆயினும் அத்துகில்களில் ஓர் இழையேனும் இன்று நம் கையில் இல்லை. கல் நின்றது, செம்பு நின்றது, ஓலை கூடப் படியெடுக்கப்பட்டு நின்றது. பருத்தி நிற்கவில்லை. ஈரமும் பூச்சியும் வெயிலும் நிறைந்த நம் நாட்டில், எவரேனும் முயன்று காத்தாலன்றிப் பருத்தித் துணி மூன்று தலைமுறையைக் கடப்பது அரிது.

‘உருமால்’ என்பது பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் கலந்த சொல். ‘ரூ’ என்பது முகம். ‘மால்’ என்பது துடைத்தல். முகம் துடைக்கும் சதுரத் துணியைக் குறித்த அச்சொல், வடநாட்டில் ரூமாலாகி, தமிழில் தலையிற் கட்டும் துணியையும் குறிக்கும் உருமால் ஆயிற்று. ஐரோப்பிய வணிகர் தம் கணக்கேடுகளில் ‘ரூமால்’ என்றும், ‘கைக்குட்டை’ என்னும் பொருள்படும் தம் சொல்லாலும் எழுதிய துணி இதுவே. கைக்குட்டை என்றதும் சட்டைப்பையில் அடங்கும் சிறு துணியை எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ ஒரு கெஜம் நீளமும் ஒரு கெஜம் அகலமும் உடைய சதுரம் அது. தலையிற் கட்டலாம், கழுத்தில் இடலாம், தோளிற் போர்க்கலாம். பல சதுரங்கள் ஒரே நீளத் துணியாக, வெட்டப்படாமலேயே கப்பலேறின.

கோட்டையும் தறியும்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் கெல்திரியாக் கோட்டையை நிறுவினர். அவ்வூரைச் சூழ்ந்த தறிகளில் நெய்யப்பட்ட வண்ணத் துணி, ஊரின் பெயராலேயே கடல் கடந்து விளங்கிற்று. பழவேற்காடு ஐரோப்பியர் நாவில் ‘புலிக்கட்’ ஆயிற்று. அது பின்னர் ஆங்கிலத்தில் வண்ணக் கட்டமிட்ட கைக்குட்டையின் பொதுப்பெயராகவே நிலைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர்ப்புறத்து நெசவாளர், தாம் நெய்த போலித் துணிக்கும் ‘புலிக்கட்’ என்றே பெயரிட்டனர். ஊரைக் காணாதவர் ஊரின் பெயரை நெய்தனர்.

ஆங்கிலேயர் 1639இல் சென்னைக் கடற்கரையில் இடம்பெற்றமைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, அப்பகுதியில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தமையே. புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும். திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பாரின் பெயரால் நெசவாளர்க்கென அமைந்த குடியிருப்பு. 1734இல் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோரைக் குடியமர்த்தி உருவாக்கப்பட்டது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் மூலம் என்பர். கும்பினியின் துணிகளை வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. பெருநகராக இன்று நாம் காணும் சென்னை, ஒருவகையில் தறியைச் சுற்றி எழுந்த ஊராகும்.

இத்துணியின் தனிச்சிறப்பு, நெய்த பின் அச்சிடாமல், நூலுக்கே சாயமேற்றி நெய்தமை. பாவிலும் ஊடையிலும் வண்ண நூல்களை மாற்றி மாற்றி இடுவதால் கட்டங்கள் பிறக்கும். இருபுறமும் ஒரே தோற்றமாயிருக்கும். உள், வெளி என்னும் வேறுபாடு இல்லை. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர், மஞ்சளுக்கு மஞ்சள். பாவுக்கு அரிசிக் கஞ்சி. புதுத்துணியை முகர்ந்தால் சாயமும் கஞ்சியும் கலந்த ஒரு மணம் எழும். அம்மணம் வரலாற்றில் பெற்ற இடத்தைப் பின்னர்க் காண்போம்.

உடுக்கத் தடை, அனுப்ப உரிமை

இங்கிலாந்து 1700ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. சாயமிட்டனவும் வண்ணம் தீட்டியனவும் அச்சிட்டனவுமான இந்தியப் பருத்தித் துணிகளை அந்நாட்டு மக்கள் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 1721இல் மற்றொரு சட்டம் அத்தடையை மேலும் இறுக்கியது. தம் நாட்டுக் கம்பளி நெசவாளரையும் பட்டு நெசவாளரையும் காப்பதே இதன் நோக்கம். ஆனால் அத்துணியை இலண்டனில் இறக்கிக் கிடங்கில் வைத்து, மீண்டும் கப்பலேற்றி வேற்று நாடுகளுக்கு அனுப்புவதற்குத் தடையில்லை. ஆகவே சென்னைக் கடற்கரைத் துணி இலண்டன் துறைமுகத்தைக் கண்டது. இலண்டன் தெருவைக் காணவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் கரிபியன் தீவுகளுக்கும் அது செல்ல நேர்ந்ததற்கு இச்சட்டங்கள் பெரிதும் காரணமாயின.

அங்கே அத்துணிக்கு ஈடாகப் பெறப்பட்டது எது? இவ்விடத்தில் எழுதுகோல் தயங்குகின்றது. பொன்னும் தந்தமும் பெறப்பட்டன. அவற்றோடு மனிதரும் பெறப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்குக் கொள்ள ஐரோப்பியர் கொண்டுசென்ற பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணி பெரும்பங்கு வகித்தது. கூலிக்கு நெய்த நம் நெசவாளி, தன் துணி எங்கே செல்கின்றது, எதற்கு விலையாகின்றது என்பதை அறிந்திருக்க வழியில்லை. அவன்மேல் பழி சாற்றுதல் தகாது. எனினும் இத்துணியின் கதையைப் பெருமிதத்தோடு மட்டுமே கூறுதலும் தகாது. தறியின் அழகையும் சந்தையின் கொடுமையையும் ஒருங்கே சுமந்து சென்ற துணி இது.

பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அதன் பின்னும் துணி வணிகம் நின்றுவிடவில்லை. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர் அவுரிச் சாயமூட்டிய நீலத்துணியைச் செனகல் நாட்டுக்கு அனுப்பினர். அங்குக் கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட அத்துணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் பணமாகவே வழங்கிற்று.

தலையில் ஏறிய மதராஸ்

கரிபியன் தீவுகளை அடைந்த கட்டத்துணிக்கு அங்கே வழங்கிய பெயர் ‘மதராஸ்’. அடிமைப்பட்ட பெண்களும் விடுதலை பெற்ற பெண்களும் அதைத் தலையிற் கட்டினர். வெயிலில் உழைப்பவர்க்கு அது நிழல். விழா நாளில் அதுவே அணி. 1760களில் அத்தீவுகளுக்குச் சென்று, டொமினிக்காவில் 1796இல் மறைந்த இத்தாலிய ஓவியர் அகோஸ்தினோ புரூனியாஸ் தீட்டிய சந்தைக் காட்சிகளில், கட்டமிட்ட தலைத்துணி அணிந்த பெண்களை இன்றும் காணலாம்.

அக்காலத்தில் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூசியானாவில் 1786ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. ஆளுநர் எஸ்தேபான் மிரோ, ஆப்பிரிக்க வழிவந்த உரிமைப் பெண்கள் தம் கூந்தலை ஒப்பனை செய்யாமல் துணியால் மூடவேண்டும் எனக் கட்டளையிட்டார். அவர்களின் எழிலும் செல்வமும் வெள்ளையர் கண்ணை உறுத்தியமையே காரணம். பெண்கள் ஆணையை மீறவில்லை, துணியைக் கட்டினர். ஆனால் வண்ணமிகு துணியைத் தேர்ந்து, உயர்த்தி முடிந்து, அணிகலன் செருகிக் கட்டினர். தாழ்த்துவதற்கென இட்ட முக்காடு மகுடமாயிற்று. அவ்வாறு கட்டப்பட்ட துணிகளில் மதராஸ் கட்டத்துணியும் ஒன்று.

பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இத்துணியை வாங்கியவாறே கட்டும் வழக்கம் இருந்ததில்லை. வெளிறிய கட்டங்களின்மேல் மஞ்சள் வண்ணத்தைக் கோந்துடன் குழைத்துத் தூரிகையால் தீட்டி ஒளியூட்டுவதற்கெனவே தொழிற்பெண்டிர் இருந்தனர். தலைத்துணியின் முனைகள் எத்தனை நிமிர்ந்து நிற்கின்றன என்பதைக் கொண்டு அணிந்தவள் மணமாகாதவளா, மணமானவளா என்று அறியலாம் எனத் தீவு மக்கள் சொல்லுவர். காதலனைக் கப்பலேற்றி அனுப்பும் பெண்ணின் துயரைக் கூறும் புகழ்பெற்ற கிரியோல் பாட்டு ஒன்று அங்கு உண்டு. அதன் பெயரே ‘அதியூ ஃபுலார், அதியூ மத்ராஸ்’. கழுத்துத் துகிலுக்கும் மதராசுக்கும் விடைகூறுவது அப்பெயரின் பொருள். நம் தலைநகரின் பெயர் அங்கே ஊரைக் குறிக்கவில்லை. ஒரு பெண்ணின் தலைத்துணியைக் குறித்தது.

ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளின் வழியே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். முதற்கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினிக்கையும், அடுத்த ஆண்டு டிசம்பரில் மற்றொரு பயணக் கூட்டம் குவாதலூப்பையும் அடைந்தன. கரையிறங்கிய தமிழர், அயல்மொழி பேசும் கறுப்பினப் பெண்களின் தலையில் தம் நாட்டுக் கட்டத்துணியைக் கண்டனர். தமிழர் அங்குச் செல்வதற்கு நெடுநாள் முன்னரே அவர்தம் துணி சென்று குடியேறிவிட்டிருந்தது. இன்று அத்தீவுகள் பலவற்றிலும் மதராஸ் துணி நாட்டுடையின் உறுப்பு. யமைக்காவில் சிவப்புக் கட்டமிட்ட அத்துணி ‘பண்டானா’ என்னும் பெயரால் தேசிய உடையாக விளங்குகின்றது.

நூலை அறுத்து அணி செய்தோர்

நைஜர் ஆற்றின் கழிமுகத் தீவுகளில் வாழ்வோர் கலாபரி மக்கள். நம் கட்டத்துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்பர். அவர்தம் அண்டை மக்களான இக்போ இனத்தார் இந்தியத் துணியை ‘ஜார்ஜ்’ என்பர். புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரே அவ்வாறு நிலைத்தது என்று ஆராய்ந்தோர் கருதுவர்.

கலாபரி வாழ்வில் இஞ்சிரி பெறும் இடம் நம்மை வியப்பில் ஆழ்த்தும். பிறந்த மகவைப் பொதிவது இஞ்சிரி. மங்கை பருவமெய்தி அணிவது இஞ்சிரி. முதியோர் இறந்தால், உடல் கிடத்தும் கட்டிலை அணிசெய்வனவற்றுள் தலையாயதும் இஞ்சிரி. இதற்கெனக் குடும்பந்தோறும் பெட்டிகளில் துணிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைப்பர். இறப்பு நேர்ந்ததும் பெட்டியைத் திறந்து, துணிகளை மடித்தும் அடுக்கியும் கட்டிலை ஒப்பனை செய்வர். எந்தக் குடும்பத்துப் பெட்டியில் எத்துணை பழைய, எத்துணை நல்ல துணிகள் உள்ளன என்பதே அக்குடும்பத்தின் பெருமை. பெட்டி வெறுமையாயின் மூதாதையர்க்குச் செய்யும் சிறப்புக் குறைபடும்.

மேலும் ஒன்று. கலாபரிப் பெண்டிர் வாங்கிய கட்டத்துணியில் சிற்சில நூல்களை ஊசியால் நெம்பி எடுத்து, கூரிய கத்தியால் அறுத்து, உருவி நீக்குவர். எஞ்சும் நூல்களால் புதியதோர் அமைப்புத் தோன்றும். துணி முன்னினும் மெலிதாகிக் காற்றோட்டம் மிகும். இதற்குப் ‘பெலெத்தே பிதே’, அதாவது நூலறுத்த துணி என்று பெயர். 1980களில் ஜோவன் ஐக்கர், டோன்யே எரெக்கோசிமா என்னும் அறிஞர்கள் இக்கலையை விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தனர். நாம் அறுத்ததனால் அறுவை என்றோம். அவர்கள் அதையே மீண்டும் அறுத்துத் தமதாக்கிக்கொண்டனர். அயல்நாட்டுப் பண்டம் ஒன்று சொந்தப் பண்பாடாகும் வழி இதுவன்றோ?

மான்செஸ்டர் ஆலைகள் கட்டத்துணியின் போலிகளை ஆப்பிரிக்கச் சந்தையில் குவித்தபோது, கலாபரியர் எளிதில் ஏமாறவில்லை. தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் உண்மைத் துணியைத் தெரிந்துகொண்டனர். முன்னர்க் குறித்த அக்கஞ்சி மணமும் சாய மணமும் இங்கே சான்றாக நின்றன. ஏற்றுமதி வணிகத்தில் இத்துணிக்கு ‘உண்மையான மதராஸ் கைக்குட்டை’ என்று நீண்ட பெயர் வழங்கியதன் காரணம் இப்போது விளங்கும். போலி பெருகினால்தான் உண்மைக்கு அடைமொழி வேண்டியதாகின்றது.

படியெடுக்கச் சேர்த்தவர்

துணியைப் பெட்டியில் சேர்த்தவர் கலாபரியர் மட்டுமல்லர். இலண்டனில் இந்திய அலுவலகத்தில் பணிபுரிந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக 1866இல் வெளியிட்டார். அவற்றுள் 700 மாதிரிகள் அடங்கியிருந்தன. மொத்தம் 20 படிகள் உருவாக்கப்பட்டு, 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. தலைப்பாகை, வேட்டி, லுங்கி, சேலை, உருமால் என நம் மக்கள் நாள்தோறும் உடுத்தவற்றின் நீளமும் அகலமும் எடையும் ஊர்ப்பெயரும் அவற்றில் குறிக்கப்பட்டன. நெய்தவனின் பெயர் குறிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் ஆலையாளர் இந்தியச் சுவையறிந்து துணி செய்து இந்தியாவிலேயே விற்கவேண்டும் என்பதே இத்தொகுப்பின் வெளிப்படையான நோக்கம்.

ஆக, இரு பெட்டிகளை நாம் கண்டோம். ஒன்று இறந்தோரைச் சிறப்பிக்கச் சேர்த்த பெட்டி; மற்றொன்று உயிரோடிருந்த தொழிலை வெல்லச் சேர்த்த பெட்டி. நோக்கம் வேறாயினும் பயன் ஒன்றில் ஒத்தன: இரண்டும் துணியைக் காத்தன. வாட்சனின் தொகுதிகளைப் புரட்டித்தான் நம் முன்னோர் உடுத்த பல கட்டங்களின் வண்ண வரிசையை இன்று ஆராய்ச்சியாளர் அறிகின்றனர்.

காத்த துணி, மறைந்த தொழிலை மீட்கவும் வல்லது. டாக்கா மஸ்லினின் பெருமையை அறியாதார் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அடியோடு மறைந்தது. அதற்குரிய பருத்திச் செடியும் வழக்கொழிந்தது. வங்கதேச ஆராய்ச்சியாளர், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருந்த பழைய மஸ்லினை ஆராய்ந்து, அதனோடு ஒத்த பருத்தியைத் தம் ஆற்றங்கரைகளில் தேடிக் கண்டு, மிக நுண்ணிய நூல் நூற்று, மீண்டும் மஸ்லின் நெய்தனர். 2020இல் அத்துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கோ ஒரு பேழையில் ஒரு துண்டு இல்லாதிருந்தால் இம்முயற்சிக்கு அளவுகோலே இருந்திராது.

இரண்டு உருமால்கள்

நம் நாட்டுக்குள்ளேயே ஈருருமால்களை ஒப்புநோக்கலாம். இமயச் சாரலில் உள்ள சம்பா நாட்டில், மெல்லிய பருத்திச் சதுரத்தின்மேல் முறுக்காத பட்டு நூலால் இருபுறமும் ஒத்த தோற்றமாகப் பூவேலை செய்வர். பரிசுத் தட்டுகளை மூட அதனைப் பயன்கொண்டனர். குருக்கேத்திரப் போரைச் சித்திரித்த சம்பா உருமால் ஒன்றை மன்னர் கோபால் சிங் 1883இல் ஆங்கிலேயர்க்கு அளித்தார். அது இலண்டனில் உள்ளது. 1908இல் சம்பா நகரில் நிறுவப்பட்ட பூரி சிங் அருங்காட்சியகத்திலும் பழைய உருமால்கள் பல உள்ளன. கொடையாகக் கைமாறியதால் அவை பேணப்பட்டன.

மற்றொன்று ஆந்திரத்துச் சீராலையிலும், பின்னர்த் தெலங்கானத்துப் புட்டபாக்காவிலும் நெய்யப்பட்ட ‘தேலியா உருமால்’. எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் நூலைப் பலநாள் ஊறவைத்து, பின்னர்ப் பாவையும் ஊடையையும் கட்டிச் சாயமேற்றிச் சிவப்பும் கறுப்பும் வெண்மையுமாக நெய்வர். எண்ணெயூட்டிய அத்துணி மென்மையும் குளிர்ச்சியும் உடையது என்பதால் அரபு நாடுகளின் வெயிலில் தலைத்துணியாக அது விரும்பப்பட்டது. நம் கடற்கரை மீனவரும் அணிந்தனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நெய்யப்பட்டவற்றில் கடிகாரமும் வானூர்தியும் கூட உருப்பெற்றன. தேலியா உருமால் வேலைக்கு அணிந்த துணி. ஆகவே வேலையிலேயே தேய்ந்தது. அதன் ஏற்றுமதி நலிந்தபின் அவ்வேலைப்பாடு சேலைக்கும் மேலாடைக்கும் மாறித் தப்பியது. புட்டபாக்காத் தேலியா உருமாலுக்கும் 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனினும் பழைய சதுரங்களைக் காணவேண்டுமாயின், ஆர்வத்தோடு சேர்த்து வைத்தவர் வீட்டையோ அருங்காட்சியகத்தையோ நாடவேண்டியுள்ளது.

நம் பெட்டியில் உள்ளது யாது?

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். கிழிந்து போகும் துணியைக் காப்பானேன்? கிழிந்து போகும் என்பதனாலேயே காத்தல் வேண்டும். பொன்னை எவரும் காப்பர். பட்டை அதன் விலை காக்கும். விலை குறைந்த பருத்தித் துண்டைக் காக்க, அதன் அருமை அறிந்த ஒருவர் வேண்டும். சென்னை உருமாலின் முந்நூறாண்டு வரலாற்றை அறிய இன்று நாம் கரிபியன் ஓவியத்தையும், கலாபரிக் குடும்பப் பெட்டியையும், ஆங்கிலேயன் ஒட்டிய மாதிரி ஏட்டையும் நாடுகின்றோம். வாங்கியவர் வைத்துக்கொண்டனர்; நெய்தவர் விற்றுவிட்டு வெறுங்கையராயினர். வறுமையால் வைக்க இயலாதவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் வைக்க இயன்ற நாமும் வைக்கவில்லை என்பது நம் குறையே.

துண்டு சேர்ப்போர்க்கு ஒரு சொல். அழகு கருதிச் சேர்ப்பது நன்று. ஆயினும் அழகோடு செய்தியையும் சேர்த்து வைத்தல் வேண்டும். வாங்கிய ஊர், நெய்தவர் பெயர், ஆண்டு, விலை, அவ்வூரார் அத்துணிக்கும் கட்டத்துக்கும் வழங்கும் பெயர் ஆகியவற்றை ஒரு சிறு துணிப்பட்டையில் எழுதி ஓரத்தில் தைத்து வைக்கலாம். வாட்சன் விட்ட குறையை நாமாவது நீக்கலாம். நெய்தவர் பெயரை எழுதலாம். கஞ்சியைப் போக்கி அலசி, நிழலில் உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் நலம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துப் பூஞ்சைக்கு இடந்தரும். ஆண்டுக்கு இருமுறை எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்தல் வேண்டும்; ஒரே மடிப்பில் கிடந்தால் அவ்விடத்தில் இழை அறும். வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிமார் அறிந்த பூச்சிக் காப்புகள். துணியில் நேரே படாமல் சிறு பையில் இட்டு வைத்தால் போதும்.

இரண்டு துண்டு வாங்கின் ஒன்றை அணிக, ஒன்றை வைக்க. அணியாது சேர்த்தால் நெய்பவர் வாழ்வு நடவாது. சேர்க்காது அணிந்தால் நெய்த வரலாறு நில்லாது. இரண்டும் ஒருங்கே நடைபெறல் வேண்டும்.

தமிழகத்தை விட்டு வந்து வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், தந்தையார் தோளில் கிடந்த துண்டும் தாத்தாவின் உருமாலும் இரும்புப் பெட்டியின் அடியில் இன்னும் இருத்தல் கூடும். அவை எந்தத் தறியில் பிறந்தன என்று சொல்லவல்ல முதியோரும் சிலர் நம்மிடையே உள்ளனர். நம் சங்க நூலகத்தில் ஏட்டுக்கும் நூலுக்கும் அடுக்குகள் உள்ளன. துணிக்கும் ஓர் அடுக்கு ஒதுக்குவது அரிதன்று. வரும் கோடையில் பெட்டியைத் திறக்கும்போது, பழந்துண்டை அடுப்பங்கரைக்கு அனுப்புமுன் வீட்டு முதியோரிடம் அதைக் காட்டி, “இது எந்த ஊர்த் துணி?” என்று ஒருமுறை கேட்போமாக. அவர் சொல்லும் விடையை அன்றே எழுதி வைப்போமாக.